மேகம் என்று தள்ளிவிட்ட காலைகள்

எந்த விமானத்தில் ஏறினாலும் ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை போடுகிறவள் நான். மேகம் பார்க்கிற ஆசையெல்லாம் கிடையாது. கீழே தெரிகிற வெள்ளையில் எது மேகம், எது புகை என்று பிரித்துப் பார்க்கிற பைத்தியம். என் பிழைப்பும் அதுதான். வானிலைச் செயற்கைக்கோள் அனுப்பும் படங்களில் மேகத்தைக் கழித்துவிட்டு, மிச்சமிருக்கும் புகைமூட்டத்தை அளந்து வரைபடம் போடுகிற வேலை.

மலேசியாவில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடலுக்கு அக்கரையில், அண்டை நாட்டில் காடு எரிந்தால் இக்கரையில் பள்ளிக்கூடத்தை மூடுவார்கள். நாங்கள் போடும் படத்தில் சிவப்பு என்றால் மோசம், நீலம் என்றால் சுத்தம். கிள்ளானில் என் வீடு இருக்கும் வட்டாரம் வெளிர்நீலம். விடிந்ததும் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, பக்கத்து வட்டாரத்துக்காரர்களை நினைத்துக் கொஞ்சம் பரிதாபப்படுவது என் வழக்கம். அதில் ஒரு திமிர் உண்டு, மறைக்கவில்லை.

இந்த முறையை மற்ற நகரங்களுக்கும் பொருத்திப் பார்க்கலாம் என்று ஆரம்பித்து, பெங்களூரின் குளிர்காலப் புகைமூட்டத்துக்கும் ஒரு படம் போட்டிருந்தேன். அதைக் காட்டச் சொல்லி அங்கே ஒரு பயிலரங்குக்கு அழைத்தார்கள். விவேக் நகரில் ஜெசிந்தா அக்கா இருக்கிறாள், என் பெரியம்மா மகள். விடுதி வேண்டாம், அக்கா வீட்டில் தங்கிக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டுக் கிளம்பினேன்.

புதன்கிழமை மாலை விமான நிலையத்திலிருந்து பேருந்து பிடித்தேன். நகரத்துக்குள் நுழைந்ததும் அது நின்றது, ஊர்ந்தது, மறுபடி நின்றது. எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். முன்னால் ஒரு பெரியவர் கண்டக்டரிடம் கன்னடத்தில் ஏதோ கத்தினார். பக்கத்திலிருந்த பெண் எனக்காகத் தமிழில் சொன்னாள்: “நடந்தே போயிருந்தா இந்நேரம் சாப்பிட்டுப் படுத்திருப்பேன்ங்கறார். அதுக்கு கண்டக்டர், எறங்கி நடங்க சார், உங்க சீட்ல நான் உக்காந்துக்கறேன்ங்கறார்.” பேருந்தே சிரித்தது. கோலாலம்பூரிலும் நெரிசல் உண்டு, ஆனால் அங்கே அவரவர் காருக்குள் தனித்தனியாக எரிச்சல் படுவோம்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் திகைத்துவிட்டேன். கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். சுவரில் குழந்தை இயேசு படம் மட்டும்தான் மாட்டிய இடத்தில் இருந்தது. ஆரோக்கியம் மாமா, அக்காவின் கணவர், ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். அதைவிட முக்கியமாக, கோயிலில் பாடகர் குழுவின் கட்டைக்குரல். மீசை முளைத்த நாளிலிருந்து அந்தக் குழுவில் நிற்கிறார். சில வருஷமாக வீசிங் தொந்தரவு. பாட்டின் நடுவே மூச்சு அறுந்துபோகிறது என்று அக்கா போனில் அழுதிருக்கிறாள்.

“என்ன மாமா, வீடு மாத்தறீங்களா?”

“உனக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் சொல்லல,” என்றார் மாமா. போனை எடுத்து ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். நான் போட்ட வரைபடம். சில மாதங்களுக்கு முன் பெருமைக்காக அக்காவுக்கு அனுப்பியது. “விவேக் நகர் பாரு, மஞ்சள். சிட்டியே மஞ்சளும் ஆரஞ்சும். இங்க பாரு, இந்த மூலை. ஏரிக்குப் பக்கத்துல. சுத்த நீலம். அங்கயே வீடு பாத்துட்டேன். ஓனர்கிட்ட வாக்கு குடுத்தாச்சு. சனிக்கெழம வண்டி வருது.”

“அவ்ளோ தூரத்துலருந்து கோயிலுக்கு எப்டி மாமா வருவீங்க?”

“வரமுடியாது. நாளைக்கு வியாழக்கெழம நவநாள் செபம் இல்ல? அதான் கடைசி. அதோட குழுவ விடறேன்.” சாதாரணமாகத்தான் சொன்னார். அக்கா சமையலறைக்குள் போய்விட்டாள். “பாட்ட விட்டாலும் மூச்சு இருக்கணும்ல ரீட்டா. டாக்டர் நல்ல காத்துக்குப் போன்னார். எங்க போறதுன்னு அவருக்கும் தெரியல. நீதான் காமிச்ச.”

மீன் குழம்பு பிரமாதமாக இருந்தது என்று சொன்னேன். உண்மையில் எனக்கு ருசியே தெரியவில்லை. அந்த வரைபடத்தில் ஒரு சின்னக் கட்டம் என்பது தரையில் சில கிலோமீட்டர் அகலம். அதை நம்பி நான் மழைக்கோட்டுகூட வாங்கமாட்டேன். இவர் வீடு மாற்றுகிறார்.

வியாழன் காலை எழுந்ததும், “பசியாறிட்டீங்களா மாமா?” என்று கேட்டேன். எங்கள் ஊர்ப் பேச்சு அது. அவருக்கு அது ரொம்பப் பிடிக்கும். “நீ கேட்டதுலயே பாதி ஆறிடுச்சும்மா,” என்றார். அக்கா காராபாத்தும் கேசரிபாத்தும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். ஊரில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயை முறைத்துக்கொண்டு இனிப்பு வந்து உட்கார்ந்தால் கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்போம். இங்கே காரமும் இனிப்பும் பழகிய சம்பந்திகள்.

பயிலரங்கு மல்லேஸ்வரம் பக்கம். போனில் கூப்பிட்ட ஆட்டோ வருகிறேன் என்றது, பிறகு வரவில்லை என்றது. பேருந்து பிடித்து, மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் வேறு ரயிலுக்கு மாற வேண்டியவள், அவசரத்தில் வெளியே வந்துவிட்டேன். வந்ததும் தப்பான திசையில் வேகமாக நடந்தேன். என் தப்புகள் எப்போதும் வேகமாகத்தான் நடக்கும். தலைக்குமேல் ரயில் போகிற ஒரு சுரங்கப்பாதையருகே பழம் விற்ற பெண்ணிடம் எனக்குத் தெரிந்த அரைக் கன்னடத்தில் வழி கேட்டேன்.

“தமிழா? அத மொதல்லயே சொல்றதில்லயா,” என்றாள். “நீங்க ஒக்கலிபுரம் வந்துட்டீங்க மேடம். நேரா ரிட்டர்ன் போங்க. ஏன் மேடம் இவ்ளோ பேஜாராகறீங்க, ஆரஞ்சு சாப்பிடுங்க.”

ஆரஞ்சு உரித்துக்கொண்டே திரும்பி நடந்தேன். சுரங்கப்பாதையில் வண்டிப் புகை தொண்டையில் உரசியது. என் படத்தில் இந்த இடத்துக்கு என்ன நிறம் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

மல்லேஸ்வரத்தில் ஒரு நின்று சாப்பிடும் ஓட்டலில் வரிசையில் நின்றபோது, கழுத்தில் பயிலரங்கு அட்டை தொங்கிய ஒரு பெண் என் அட்டையைப் பார்த்துவிட்டாள். பெயர் சுமா. இந்த ஊர் ஆராய்ச்சியாளர். “பை-டூ சொல்லட்டா?” என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. ஒரு காபியை வாங்கி இரண்டு குவளையில் பாதிப்பாதியாகக் குடிப்பது இங்கே வழக்கமாம். பக்கத்து மேசையில் இரண்டு பேர் கன்னடத்தில் பேசியதை அவளே மொழிபெயர்த்தாள்: “சங்கராந்தி வரைக்கும் இந்தப் பனி போகாதுங்கறார். இது பனி இல்ல, உன் சிகரெட்டுதான்ங்கறார் மத்தவர்.” எங்கள் ஊரில் தே தாரிக் என்கிற ஆற்றிய டீயை யாரும் பாதியாக்க மாட்டார்கள். நல்ல வழக்கம் என்று நினைத்தேன்.

அந்த நினைப்பு அதிக நேரம் நிலைக்கவில்லை. அரங்கில் நான் படத்தைக் காட்டிப் பேசி முடித்ததும், காபியைப் பாதி கொடுத்தவள் கேள்வியை முழுசாகக் கேட்டாள். “அந்த நீல மூலைக்கு எத்தனை காலைப் படங்கள் சேர்ந்தன?”

“போதுமான அளவு,” என்றேன். எனக்குத் தெரியாது. அதுவரை நான் பார்த்ததே இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் தொன்னை பிரியாணியைத் தொடாமல் மடிக்கணினியைத் திறந்தேன். எங்கள் வேலையில் முதல் எதிரி மேகம். மேகமும் புகையும் மேலிருந்து பார்த்தால் வெள்ளைதான். மேகத்தைப் புகை என்று எண்ணிவிட்டால் ஊரே சிவப்பாகிவிடும். அதனால் ஒரு வடிகட்டி வைத்திருப்போம். அளவுக்கு மேல் வெளுப்பாக, தடிப்பாக இருப்பதையெல்லாம் மேகம் என்று அது தள்ளிவிடும். அதைக் கட்டியது நான். மதியமானால் வானம் அடைத்துக்கொண்டு மழை கொட்டுகிற எங்கள் ஊருக்காக, ரொம்பக் கறாராகக் கட்டினேன். அப்படியே தூக்கிக்கொண்டுவந்து பெங்களூர்மேல் வைத்துவிட்டேன்.

ஏரி மூலையில் காலைப் படங்கள் அநேகமாக ஒன்றுகூட இல்லை. எல்லாம் மேகம் என்று தள்ளப்பட்டிருந்தன. எஞ்சியது மதியம் மட்டும். மாமா நம்பிய நீலம், வெயில் ஏறிக் காற்று அடிக்க ஆரம்பித்த பிறகு எடுத்த மதியங்களின் சராசரி.

உடனே போன் எடுத்தேன். வைத்தேன். காலைப் படம் இல்லை என்பதற்காகக் காலையில் புகை இருந்தது என்று ஆகிவிடாது. நிஜமாகவே பனியாகவோ மேகமாகவோ இருந்திருக்கலாம். தெரியாமல் ஒன்றைச் சொல்லித்தான் இந்த வம்பு. மறுபடி தெரியாமல் இன்னொன்றைச் சொல்வதா? நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

மாலை நவநாளுக்குக் கூட்டம் தெருவரை நின்றது. மெழுகுவர்த்தி விற்பவர்கள், பூக்காரர்கள், இடுப்பில் குழந்தையோடு பெண்கள். தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் ஒரே வாயிலிருந்து வந்தன. மாமா வெள்ளைச் சட்டை போட்டுக் குழுவின் ஓரத்தில் நின்றார். அவர் குரல் தனியாகக் கேட்காது. மற்றவர்களின் குரலுக்கு அடியில் தரைபோல இருக்கும். ஒரு இடத்தில் அது நின்றது, பாட்டே கொஞ்சம் ஆடியது, பிறகு திரும்பி வந்தது. முடிந்ததும், தான் இத்தனை வருஷம் வைத்திருந்த பாட்டு ஃபைலை லாரன்ஸ் என்கிற புது ஆளின் கையில் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா அழுதாள். நான் ஒன்றும் சொல்லாமல் தூணோரம் நின்றேன். இப்போதுகூட அந்த இடம் நினைவுக்கு வந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை இருட்டு பிரிவதற்குள் ஆட்டோ பிடித்தேன். ஓட்டியவர் பெயர் பாஷா. தமிழும் உருதுவும் கலந்து பேசினார். குளிருக்கு மஃப்ளர் சுற்றியிருந்தார். ஏரி தெரியும் முன்பே வண்டி ரெண்டு தரம் குலுங்கி நின்றுவிட்டது. “பெட்ரோல்ல தண்ணி கலந்துடுச்சி போல,” என்று அவர் இறங்கிக் குனிந்தார். நான் நடந்தேன்.

ஏரிமேல் பனி படுத்திருந்தது. அதுவரை அழகுதான். காலி மனைகள் ஒவ்வொன்றிலும் காய்ந்த இலையும் குப்பையும் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். சுடர் இல்லை, புகைதான். அந்தப் புகைக்கு மேலே போகத் தெம்பு இல்லை. பனியோடு சேர்ந்து முழங்கால் உயரத்தில், பிறகு முக உயரத்தில், வீட்டு ஜன்னல்களுக்கு நேராக நின்றது. எரிந்த பிளாஸ்டிக் வாடை. மாமா சொன்ன அடையாளத்தை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தேன். பால்கனியில் துணி காயப்போடக் கம்பி கட்டியிருந்தது. எதிர்வீட்டுப் பெண் மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு வாசல் கூட்டினாள். தினமும் இப்படியா என்று சைகையும் அரைக் கன்னடமுமாகக் கேட்டேன். குளிர்காலம் பூரா இப்படித்தான், வெயில் வந்தால் போய்விடும் என்று அவள் சொன்னது புரிந்தது.

திரும்பி வந்தபோது பாஷா வண்டியைக் கிளப்பியிருந்தார். அவரும் இருமினார். “நீங்க இந்தப் பக்கம் வர்றதுண்டா?” என்றேன்.

“வருவேன் மேடம், மத்தியானம் சவாரி. மத்தியானம் ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்கும். இப்டின்னு எனக்கும் இன்னைக்குத்தான் தெரியும்.”

அங்கேயே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, முடியாமல் எழுந்து, சாலையில் முன்னும் பின்னும் நடந்து காத்திருந்தேன். வெயில் ஏறியது. வெள்ளை மெலிந்து, கிழிந்து, காணாமல் போனது. ஏரியில் கொக்கு தெரிந்தது. என்னுடைய நீலம் வந்துவிட்டது. மாமாவும் அக்காவும் வீடு பார்க்க வந்ததெல்லாம் ஞாயிறு பூசை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, மதியத்தில். நானும் படத்தில் மதியத்தைத்தான் பார்த்தேன். இத்தனை பேர் பார்த்தும் அந்த இடத்தின் காலையை யாரும் பார்த்திருக்கவில்லை.

பயிலரங்கின் கடைசி அமர்வில் எழுந்து, நேற்று நான் காட்டிய நீலத்தை நம்ப வேண்டாம் என்றேன். முகம் எரிந்தது. வெளியே வந்ததும் சுமா ஒரு பை-டூ வாங்கி, என் பங்கில் கூடுதலாக ஊற்றினாள். அதுகூட எனக்கு ஆறுதலாக இல்லை. சொல்ல வேண்டிய ஆள் வேறு இடத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

மாலை வீட்டில் மாமா கடைசிப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வடிகட்டி, காலைப் படங்கள், ஏரி, புகை, எதிர்வீட்டுப் பெண். டேப்பைக் கடித்து அறுக்க வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“எப்ப தெரியும் உனக்கு?” என்றாள் அக்கா.

“நேத்து மத்தியானமே சந்தேகம் வந்துச்சு அக்கா. உறுதியாப் பாத்துட்டு சொல்லலாம்னு...”

“நேத்து மத்தியானம்.” அக்கா பக்கத்தில் வந்தாள். “சாயந்திரம் எங்கூடத்தான நின்ன. அவரு அந்த ஃபைலக் குடுத்தாரே, பாத்துக்கிட்டுத்தான நின்ன. சந்தேகம்னாவது ஒரு வார்த்த சொல்லியிருந்தா குடுத்திருக்கமாட்டாருல்ல?”

உறுதியானதை மட்டும்தான் சொல்வேன் என்பது எங்கள் தொழிலில் ஒழுங்கு. ஆனால் அந்த நீலத்தை அனுப்பியபோது எனக்கு என்ன உறுதி இருந்தது? பெருமைக்கு உறுதி தேவைப்படவில்லை, சந்தேகத்துக்கு மட்டும் தேவைப்பட்டிருக்கிறது. வெட்கமாக இருந்தது. என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

“விடு ஜெசி,” என்றார் மாமா. கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்தார். “அப்ப எங்கதாம்மா நல்லா இருக்கு?”

“தெரியாது மாமா.”

அவர் தலையாட்டினார். பிறகு இப்போதுதான் ஒட்டிய டேப்பைப் பிய்த்து, பெட்டிக்குள்ளிருந்து டீப் பாத்திரத்தை வெளியே எடுத்தார். இரவே வண்டிக்காரருக்கும் புது வீட்டுக்காரருக்கும் போன் பண்ணினார். கீழ்வீட்டிலிருக்கும் இந்த வீட்டு உரிமையாளர், இன்னும் யாருக்கும் விடவில்லை, இருங்கள் என்றார். சனிக்கிழமை முழுக்கக் கட்டியதையெல்லாம் அவிழ்த்தோம். அக்கா என்னோடு பேசவில்லை. ஆனால் எனக்குத் தட்டு வைக்க மறக்கவும் இல்லை.

ஞாயிறு பூசைக்கு மாமா எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார். குழுவில் அவர் இடத்தில் லாரன்ஸ் ஃபைலைப் பிடித்துக்கொண்டு நின்றான். கீபோர்டு வாசிப்பவர் மாமாவைப் பார்த்து, வாங்க என்று கண்ணைக் காட்டினார். மாமா வேண்டாமென்று கையசைத்தார். “குடுத்தத திருப்பிக் கேக்கறதா,” என்று முணுமுணுத்தார். பாட்டு ஆரம்பித்ததும் பெஞ்சிலிருந்தே மெதுவாகக் கட்டைக்குரலைப் பிடித்தார். முன்வரிசைப் பெண் திரும்பிப் பார்த்தாள். இரண்டாவது அடியில் மூச்சு நின்றுவிட்டது. இன்ஹேலரை எடுத்து உறிஞ்சிவிட்டு, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்.

மாலை என்னை விமான நிலையப் பேருந்துக்கு ஏற்றிவிட வந்தார். “படத்தச் சரிபண்ணதும் எனக்கு அனுப்பு,” என்றார்.

“எதுக்கு மாமா? அதுல எங்கயும் நீலம் இருக்காது.”

“அதத்தான் பாக்கணும். இல்லன்னா வேற எங்கயோ நல்ல காத்து அடிக்குது, நாமதான் போகாம உக்காந்திருக்கோம்னு தெனம் தோணிக்கிட்டே இருக்கும். அது வீசிங்க விட மோசம்மா.”

கிள்ளானுக்கு வந்ததும் வடிகட்டியைத் தளர்த்தி, தள்ளிவிட்ட காலைகளைத் திரும்பச் சேர்த்தேன். பனியா புகையா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாத கட்டங்களைச் சாம்பல் நிறமாக விட்டேன். ஏரி மூலை சாம்பல். விவேக் நகர் பழையபடி மஞ்சள். நீலம் எங்கும் இல்லை. ஒரு காலை வேளையில் அதை மாமாவுக்கு அனுப்பினேன். என் வழக்கப்படி வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன, திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. “பாத்தேன்மா. மஞ்சள்தான். சரி. உன் வீடு எந்தக் கலரு?”

“நீலம் மாமா,” என்று அடித்தேன். அனுப்பப் போன விரல் நின்றது. என் வீட்டின் நீலமும் அதே வடிகட்டி கொடுத்ததுதான். புகைமூட்டம் தடித்துப்போனால் அதுவும் மேலிருந்து மேகம் மாதிரிதானே இருக்கும். மடிக்கணினியைத் திறந்து என் வட்டாரத்தின் கட்டத்தைத் தேடி, அதில் சேர்ந்த காலைப் படங்களைப் பார்த்தேன். அநேகமாக எதுவும் இல்லை.

எழுந்து போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினேன். பிறகு அடித்ததை அழித்துவிட்டு, “தெரியலை மாமா,” என்று அனுப்பினேன்.